மூன்றாம் முறை தூக்கும்போது

இந்த சோபாவை எனக்குத் தெரியும்.
மெரூன் ரெக்சின், மூன்று பேர் உட்காரும் நீளம்,
இடது பின்காலில் ஒரு சீகைக்கட்டை ஆப்பு.
அது நான் செதுக்கி அடித்தது.

கோத்தகிரியில் மூடிக்கிடந்த தேயிலை ஃபாக்டரி.
இலை வாட்டிய மாடியில் இப்போது கண்காட்சி.
போஜன் டெம்போவை ரிவர்ஸ் எடுக்க
சென்னையிலிருந்து வந்த மேடம்
‘மெதுவா, மெதுவா’ என்கிறார்.
கயிற்றை அவிழ்க்கும்போதே கண்டுகொண்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் முறை, அரவேனுக்குக் கீழே ஒரு லைன் வீடு.
லோகநாயகிக்குத் தோட்டத்தில் போனஸ் வந்த ஐப்பசி.
கதவு இருபத்தெட்டு அங்குலம், சோபா முப்பத்திமூன்று.
ஜன்னல் சட்டத்தைக் கழற்றி
பிரசவத்தைத் திருப்பிப் போட்டதுபோல்
தலை முதலில் உள்ளே தள்ளினோம்.
அறையில் பாதி சோபா. மீதியில் நாலு பேர்.
பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கப் போன போஜனைத் தடுத்தாள்:
“கடன் முடியட்டும்ணா, அப்புறம் கிழிச்சுக்கலாம்.”
கூலிக்கு மேலே டீயும் வர்க்கியும் தந்தாள்.
நின்றுகொண்டே தின்றோம்.
தூள் உதிரும் என்று அவளும் நின்றாள்.

அடுத்த கார்த்திகையில் இரண்டாம் முறை.
ஃபைனான்ஸ்காரர்கள் இருவர், ஒரு நோட்டீஸ், மழை.
அதே ஜன்னல்.
ஸ்க்ரூடிரைவரைத் தேடிக் கொடுத்தது
அவள் புருஷன் பழனியாண்டிதான்.
உறைக்குள்ளே சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை.
அந்த வீட்டில் அதன்மேல் நிம்மதியாகக் குடியிருந்தது
அது ஒன்றுதான்.
ஏற்றி முடித்தும் போஜன் வண்டியைக் கிளப்பவில்லை.
கொஞ்ச நேரம் வைப்பரை மட்டும் ஓடவிட்டான்.

இன்று இலை வாட்டும் தொட்டிமேல் ஏற்றி வைத்தோம்.
சுற்றிலும் என்னென்னவோ.
ஒரு பீரோவைத் திறந்தால் உள்ளே இன்னொரு பீரோ,
அதற்குள் இன்னொன்று,
கடைசியில் தீப்பெட்டி அளவில் ஒன்று, அதற்கும் பூட்டு.
தவணை ரசீதுகளைத் தைத்துச் செய்த மெத்தை.
மரத்தில் ஒரு ஆள் நாலு காலில் குனிந்திருக்க
முதுகில் ஆறு நாற்காலி.
“உன்னைப் பார்த்துத்தாண்டா செஞ்சிருக்காங்க”
என்றான் போஜன்.
நல்ல வேலைப்பாடு. சிரித்தேன்.
கழுத்தில் பிடித்துக்கொண்டது.

மேடம் வெள்ளை அட்டை ஒன்றை ஒட்டினார்.
நுகர்வு, எண் ஏழு.
ரெக்சின், பிளாஸ்டிக், பூஞ்சை.
முன்பு யாருடையது: தெரியவில்லை.
விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
ஆப்பைப் பற்றி எழுதவில்லை.
ஒரு மூலையில் பூஞ்சையைத் துடைக்கப் போனேன்,
பதறிவிட்டார்.
அதுதானாம் முக்கியம்.

கழுத்தில் கேமரா தொங்க வந்த ஒருவர்
என்னையும் மதித்துக் கேட்டார்:
“இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?”
“அறுபது கிலோ இருக்கும் சார்.”
அவர் யோசிக்க ஆரம்பித்தார்.
நான் நிஜமாகவே எடையைத்தான் சொன்னேன்.
மூன்று முறையும் அதே அறுபது.
எனக்குக் கிடைத்ததும் முறைக்கு முந்நூறு, மாற்றமில்லை.

மாலைக்குள் அட்டையில் சிவப்புப் பொட்டு விழுந்துவிட்டது.
குன்னூரில் ஒரு பங்களா. திங்கட்கிழமை இறக்க வேண்டும்.
வாசல் அகலம் கேட்டேன், வழக்கம்.
யானையே நுழையலாம் என்றார்கள்.

அரவேனு ஸ்டாப்பில் லோகநாயகி நின்றிருந்தாள்,
கையில் ரேஷன் பை, தலையில் துண்டு.
சொல்லாமல் போயிருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும்.
“உறையைக் கிழிச்சுட்டாங்களா?”
இல்லை என்றேன்.
“ம்” என்றாள்.

பஸ் வந்தது. ஏறினாள்.
நகர்கிற ஜன்னலிலிருந்து
தலையை நீட்டி ஏதோ கேட்டாள்.
எவ்வளவுக்கு என்றுதான் கேட்டிருப்பாள்.
காது கேட்காதவன்போல்
கையை மட்டும் ஆட்டினேன்.